படகுக் கணக்கும் பேலன்ஸ் ஷீட்டும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை ராமநாதபுரம் கடலோரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு மட்டும் பதில்.

ப்ளஸ் டூ காமர்ஸ், தமிழ் மீடியம். அக்கவுண்டன்சியில் நல்ல மார்க். சி.ஏ. (ஆடிட்டர்) படிப்பின் முதல் நிலையான ஃபவுண்டேஷனைத் தமிழில் எழுத முடியுமா? முடியாது என்றால் எனக்கு இது ஒத்துவருமா?
– மாணவர், தேவிபட்டினம்

தமிழில் எழுத முடியாது, தம்பி. ஆங்கிலம் அல்லது இந்தி, இரண்டே வழிதான். ஆனால் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு எல்லாத் தாளிலும் ஆங்கிலம் குறுக்கே நிற்காது. தாள்கள் நான்கு, ஒவ்வொன்றும் 100 மார்க். குவான்டிடேட்டிவ் ஆப்டிட்யூடும் பிசினஸ் எகனாமிக்ஸும் கொள்குறி வகை. படித்துப் புரிந்தால் போதும், எழுத வேண்டியதில்லை. அக்கவுண்டிங் எழுதும் தாள்தான் என்றாலும் அங்கே பேசுவது எண்ணும் கட்டமும். 2023-இல் வந்த புதிய திட்டத்தில், முன்பு லா தாளோடு ஒட்டிக்கொண்டிருந்த ஆங்கிலக் கடிதம், அறிக்கை எழுதும் பகுதியையும் எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது பிசினஸ் லா ஒன்று. தமிழ் மீடியம் பிள்ளைகள் சறுக்குவது அங்கேதான்.

சறுக்கக் காரணம் ஆங்கிலம் போதாதது மட்டுமல்ல. விடையைத் தலைகீழாக எழுதுகிறார்கள். இப்படி ஒரு கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்கள்: 17 வயதுப் பையன் வலை வாங்க வியாபாரியிடம் 50,000 ரூபாய் முன்பணம் வாங்குகிறான். பிடிக்கும் மீனையெல்லாம் அவருக்கே தருவதாக எழுதிக் கொடுக்கிறான். வயது 19 என்று சொல்லித்தான் கையெழுத்துப் போடுகிறான். பிறகு மீன் தரவில்லை. அந்த ஒப்பந்தத்தை வைத்து வியாபாரி வழக்குப் போட்டால் நிற்குமா?

பெரும்பாலோர் ‘நிற்காது, அவன் சின்னப் பையன்’ என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். முடிவு சரி, மார்க் வராது. விடை மூன்று பத்தியாக வர வேண்டும். முதல் பத்தியில் சட்டம்: 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி மைனருக்கு ஒப்பந்தம் செய்யும் தகுதி இல்லை, மோஹரி பீபீ எதிர் தர்மதாஸ் கோஷ் வழக்கில் 1903-இல் வந்த தீர்ப்புப்படி அது தொடக்கத்திலிருந்தே செல்லாது. இரண்டாவது பத்தியில் கேள்வியில் உள்ள செய்தியைச் சட்டத்தோடு பொருத்த வேண்டும்: கையெழுத்துப் போட்டபோது வயது 17; வயதை மாற்றிச் சொன்னான் என்பதற்காக அவன் தன்னை மைனர் என்று சொல்லிக்கொள்வதைத் தடுக்க முடியாது. மூன்றாவதாக முடிவு, ஒரே வாக்கியத்தில். பிரிவு எண்ணில் சந்தேகம் இருந்தால் எண்ணை விட்டுவிட்டுச் சட்டத்தின் சாரத்தை எழுதுங்கள். தப்பான எண்ணைப் போடுவதைவிட எண்ணே போடாதது மேல்.

இந்த மூன்று பத்திக்கும் தேவைப்படும் ஆங்கிலம் ஏறக்குறைய இருபது வாக்கியங்கள்தான். ‘சட்டத்தின் விதிகளின்படி’, ‘கொடுக்கப்பட்ட வழக்கில்’, ‘ஆகவே’ போன்ற தொடக்கங்கள் திரும்பத் திரும்ப வரும். அவற்றை மனப்பாடம் செய்யுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. தினம் ஒரு கேள்வியைக் கையால், கடிகாரம் வைத்து எழுதிப் பாருங்கள். வாசித்து மட்டும் தயாரானவர்களுக்கு மூன்று மணி நேரம் போதாமல் போவது இந்தத் தாளில்தான்.

பதிவு செய்த பிறகு 4 மாதப் படிப்புக் காலம் கட்டாயம். தேர்வு ஆண்டுக்கு மூன்று முறை: ஜனவரி, மே–ஜூன், செப்டம்பர். பாடப்புத்தகம், ஆர்.டி.பி. (தேர்வுக்கு முந்தைய திருப்புதல் தாள்), மாதிரித் தேர்வுத்தாள், பழைய கேள்விகளுக்கான விடை எல்லாம் சி.ஏ. தேர்வை நடத்தும் ஐ.சி.ஏ.ஐ. இணையதளத்தில் இலவசம், நேரலை வகுப்பும் இலவசம். கோச்சிங்குக்காக மதுரையில் ரூம் எடுப்பதற்கு முன் இரண்டு மாதம் இவற்றை வைத்துப் படித்துப் பாருங்கள்.

ஃபவுண்டேஷனில் அக்கவுண்டிங் 45, லா 42, குவான்ட் 55, எகனாமிக்ஸ் 52. எல்லாம் 40-க்கு மேல்தான். ஆனாலும் ஃபெயில் என்று வந்திருக்கிறது. ரிசல்ட்டில் தவறு இருக்குமா?
– வாசகி, ராமேஸ்வரம்

தவறு இல்லை. தாளுக்கு 40 என்பது ஒரு வேலி; நான்கும் சேர்ந்து 400-க்கு 200 என்பது அடுத்த வேலி. உங்கள் கூட்டல் 194. ஃபவுண்டேஷனில் தாள்வாரியாக விலக்கு (நல்ல மார்க் வாங்கிய தாளைத் திரும்ப எழுதாமல் விடுவது) கிடையாது, நான்கையும் திரும்ப எழுத வேண்டும்.

அந்த 6 மார்க் எங்கே போனது என்று பார்ப்போம். குவான்டில் தவறான விடைக்குக் கால் மார்க் பறிபோகும். 100 கேள்வியையும் நிரப்பி 55 வாங்கியிருந்தால், 64 சரி, 36 தவறு. அந்த 36 தவறுக்குப் போனது 9 மார்க். அதற்காகத் தெரியாததை எல்லாம் காலியாக விடுங்கள் என்று சொல்ல மாட்டோம். நான்கு விடையில் ஒன்றைக்கூடக் கழிக்கத் தெரியாமல் கண்ணை மூடிக் குறித்தால் சராசரியாகக் கேள்விக்குப் பதினாறில் ஒரு பங்கு மார்க்தான் லாபம். ஒன்று நிச்சயம் தப்பு என்று தெரிந்தால் குறிக்கலாம். இரண்டைக் கழித்துவிட்டால் கட்டாயம் குறிக்க வேண்டும். இந்தத் தாளில் கணிதம் 40, ரீசனிங் 20, புள்ளியியல் 40. ரீசனிங்கை முதலில் முடித்துவிடுங்கள். நேரம் குறைவாகப் பிடிப்பது அதுதான்.

எங்களுக்கு உறுத்துவது அக்கவுண்டிங்கில் வாங்கிய 45. பள்ளியில் இதையே படித்து வந்தவர் 60-க்குக் கீழே போனால் பெரும்பாலும் வொர்க்கிங் நோட் (விடைக்கு வந்த வழிக்கணக்கு) எழுதாமல் விட்டிருப்பார். கடைசி எண் தப்பானாலும் வழி சரியென்றால் படிக்குப் படி மார்க் உண்டு. வழியை ரஃப் பக்கத்தில் போட்டு அடித்துவிட்டால் திருத்துகிறவர் எதைப் பார்த்து மார்க் போடுவார்? சரியா தவறா கேள்விக்குக் காரணம் எழுதாமல் விடுவதும் இதே வகைதான்.

சி.ஏ. இரண்டாம் நிலையான இன்டரின் முதல் குரூப்பில் அட்வான்ஸ்டு அக்கவுண்டிங் 62, லா 38, டாக்சேஷன் 51. 62-க்கு விலக்கு உண்டா? பழைய டாக்ஸ் புத்தகமே போதுமா?
– மாணவர், ஏர்வாடி

குரூப்பின் மூன்று தாளையும் எழுதி ஒன்றில் 60-க்கு மேல் வாங்கியதால் விலக்கு உண்டு, அடுத்த மூன்று அட்டெம்ப்டுக்கு. ஆனால் அடுத்த முறை இரண்டு தாளிலும் 40, 40 போதும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த 62-ம் கூட்டலில் சேரும். குரூப்புக்கு 150 வேண்டும். ஆகவே மீதி இரண்டிலும் சேர்த்து 88 எடுத்தாக வேண்டும்.

டாக்ஸ் புத்தகம் விஷயத்தில் அவசரம் வேண்டாம். 1961-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்துக்குப் பதிலாக வந்துள்ள 2025-ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வருவதாக இயற்றப்பட்டது. பிரிவு எண்கள் எல்லாம் மாறுகின்றன. எந்த அட்டெம்ப்டுக்கு எந்தச் சட்டம் என்பதை ஐ.சி.ஏ.ஐ. தன் அறிவிப்பில் சொல்லும். அதைப் பார்த்துவிட்டுப் புத்தகம் வாங்குங்கள். சீனியரிடம் பாதி விலைக்கு வாங்கிய புத்தகம் கடைசியில் முழு நஷ்டமாகிவிடக் கூடாது.

இன்டர் இரண்டு குரூப்பும் முடித்துவிட்டேன். ஆர்ட்டிகிள்ஷிப் எனும் ஆடிட்டர் பயிற்சிக்கு ராமநாதபுரத்திலேயே ஆடிட்டர் ஆபீஸில் சேர்வதா, மதுரை, சென்னை போவதா? உள்ளூரில் சேர்ந்தால் கல்லூரிக்கும் போய்க்கொள்ளலாம் என்கிறார் அப்பா.
– மாணவர், மண்டபம்

அப்பாவின் யோசனையில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை முதலில் பார்ப்போம். புதிய திட்டத்தில் பயிற்சி 2 ஆண்டு, வாரத்துக்குக் குறைந்தது 35 மணி நேரம். அந்த நேரத்தில் ரெகுலர் கல்லூரியிலும் வருகைப்பதிவு இருந்தால் இரண்டில் ஒன்று பொய். பின்னால் பயிற்சியே செல்லாது என்று ஆகிவிடும். பி.காம். வேண்டுமென்றால் அஞ்சல்வழியில் சேருங்கள். அதற்கும் படிவம் 112-இல் அனுமதி வாங்க வேண்டும். விடுப்பு ஆண்டுக்கு 12 நாள்தான். கூடுதலாக எடுத்த நாளெல்லாம் பயிற்சியின் கடைசியில் வந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் ஃபைனல் அட்டெம்ப்ட் தள்ளிப்போனால் பல மாதம் போனது போனதுதான். சேர்வதற்கு முன் ஐ.சி.ஐ.டி.எஸ்.எஸ். எனும் கணினி, அறிமுகப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். சேர்ந்த 30 நாளுக்குள் பயிற்சிப் பதிவுக்கான படிவம் 103 போய்ச் சேர்ந்ததா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ‘ஆபீஸில் போட்டுவிடுவார்கள்’ என்று விட்டுவிட வேண்டாம்.

இடத்துக்கு வருவோம். சென்னைப் பெரிய ஆபீஸில் லிஸ்டட் கம்பெனி ஆடிட், இண்ட் ஏ.எஸ். (பெரிய கம்பெனிகளுக்கான கணக்கியல் தரம்) எல்லாம் பார்க்கலாம். ஆனால் ஆறு மாதம் ஒரே கம்பெனியின் ஸ்டாக் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டே இருக்க நேரலாம். உள்ளூர் ஆபீஸில் ஒரே ஆளின் கணக்கை வவுச்சரிலிருந்து ரிட்டர்ன் வரைக்கும் நீங்களே கொண்டுபோவீர்கள். இந்தக் கடற்கரைத் தொழிலில் படிக்க நிறைய இருக்கிறது. ஒன்று சொல்கிறோம்.

ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகச் செலவு செய்தால் அது செலவாக ஏற்கப்படாது என்பது 1961 வருமானவரிச் சட்டத்தின் 40ஏ(3) பிரிவு. மீன் கம்பெனியோ தினமும் லட்சக்கணக்கில் ரொக்கமாகக் கொடுத்து மீன் எடுக்கிறது. எல்லாம் தள்ளுபடி ஆகிவிடுமா? ஆகாது. விதி 6டிடி-யில், மீனை உற்பத்தியாளரிடமிருந்து வாங்கினால் விலக்கு இருக்கிறது. கடலில் பிடித்தவர் மட்டுமல்ல, கரையிலேயே மீனைத் தரம் பிரித்து விற்கிற மீனவர் தலைவரும் உற்பத்தியாளர்தான். இறால், கணவாய், நண்டு எல்லாம் மீன் கணக்கில் சேரும் என்று 2008-இல் வருமானவரித் துறை விளக்கச் சுற்றறிக்கை கொடுத்தது. அதே மீனை இடையில் ஒரு தரகரிடமோ வியாபாரியிடமோ வாங்கினால் விலக்கு இல்லை. ஆகவே ஆடிட்டில் பார்க்க வேண்டியது தொகையை மட்டுமல்ல, பணம் வாங்கியவர் யார் என்பதையும். வவுச்சரில் வெறுமனே ‘மீன் வாங்கியது’ என்று இருந்தால் அது ஒன்றுக்கும் உதவாது. பெயர், ஊர், படகுப் பதிவு எண் இருக்க வேண்டும். இதை ஏ.சி. அறையில் உட்கார்ந்து கற்றுக்கொள்வது கஷ்டம்.

எங்கள் யோசனை: கம்பெனி வேலைக்குப் போவதுதான் எண்ணம் என்றால் சென்னை. சொந்தமாகப் பிராக்டீஸ் செய்ய நினைத்தால் ராமநாதபுரமோ மதுரையோ போதும். ஆனால் சேருவதற்கு முன் அந்த ஆபீஸில் இப்போது இருக்கும் ஆர்ட்டிகிளிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: போன மாதம் எந்தெந்த வேலை செய்தாய்? தேர்வுக்கு முன் எத்தனை நாள் விட்டார்கள்? ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் மட்டும் என்று பதில் வந்தால் வேறு ஆபீஸ் பாருங்கள்.

எங்கள் விசைப்படகுக் கணக்கை நான்தான் எழுதுகிறேன். சி.எம்.ஏ. (செலவுக் கணக்கியல்) படிக்கிறேன். மீன் கம்பெனி 3 லட்சம் முன்பணம் கொடுத்திருக்கிறது. கடலுக்குப் போய்வரும் ஒவ்வொரு நடைக்கும் அதில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறார்கள். கைக்கு வந்ததையே வரவு என்று எழுதிவருகிறேன். சரியா?
– வாசகி, பாம்பன்

சரியில்லை. இதில் நஷ்டம் உங்கள் புத்தகத்துக்கு மட்டுமல்ல, படகில் வருகிற ஆட்களுக்கும்.

ஒரு நடையை எடுத்துக்கொள்வோம். மீன் 92,000 ரூபாய்க்குப் போனது. கமிஷன் 4,600. முன்பணத்தில் 10,000 பிடித்தார்கள். கைக்கு வந்தது 77,400. நீங்கள் வரவு 77,400 என்று எழுதுகிறீர்கள். எழுத வேண்டியது: விற்பனை 92,000, கமிஷன் செலவு 4,600, முன்பணக் கடனில் குறைந்தது 10,000, ரொக்கம் 77,400. முதலில் 3 லட்சம் வாங்கியபோது அது வருமானம் இல்லை, கடன். அதைத் திருப்பிக் கொடுப்பதும் செலவு இல்லை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் சி.எம்.ஏ.வில் பாதி அக்கவுண்டிங் கைக்கு வந்துவிட்டது.

இனி பங்கைப் பாருங்கள். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் சேர்த்து 47,000 என்று வைத்துக்கொள்வோம். விற்பனையிலிருந்து கமிஷனையும் இதையும் கழித்தால் பங்குக்கு வருவது 40,400. பங்கு முறை ஊருக்கு ஊர் மாறும். கணக்குக்காக ஆட்களுக்கு 40 சதவீதம் என்று கொண்டால் 16,160. ஆனால் கைக்கு வந்த 77,400-இலிருந்து தொடங்கினால் பங்குக்கு மிஞ்சுவது 30,400, ஆட்களுக்கு 12,160. ஒரே நடையில் 4,000 ரூபாய் குறைகிறது. படகுக்காரர் வாங்கிய கடனை ஆட்கள் அடைக்கிறார்கள். வேண்டுமென்று யாரும் செய்வதில்லை, நோட்டு எழுதுகிற முறையில் நடந்துவிடுகிறது. கரையில் வரும் பங்குச் சண்டைக்கு இது ஒரு காரணம்.

இதே தர்க்கம் மறுபக்கமும் உண்டு. நீங்கள் டிரைவருக்கும் ஆட்களுக்கும் முன்கூட்டிக் கொடுத்து வைத்த பணம் செலவு அல்ல, அவர்களிடமிருந்து வர வேண்டியது. ஆள் ஆளுக்குத் தனிப் பக்கம் போடுங்கள். தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். கொடுக்கல் வாங்கலைக் கையெழுத்து வாங்கி நேர் செய்ய அதைவிட நல்ல நேரம் கிடையாது.

தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிப் பார்க்கும் வேலையையும் இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். பலகை மாற்றுவது, ஓட்டை அடைப்பது, பெயின்ட் எல்லாம் அந்த ஆண்டுச் செலவு. படகை நீட்டுவது, கூடுதல் குதிரைத்திறன் எஞ்சின் வைப்பது எல்லாம் சொத்தில் சேரும். மரப்படகுக்கு 1961 சட்டத்தின் விதிப்படி தேய்மானம் 20 சதவீதம், குறைந்துவரும் மதிப்பில். வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதிதான். அக்டோபர் முதல் வாரம் தாண்டிக் கடலில் இறக்கும் புதுப் படகுக்கு அந்த ஆண்டு 10 சதவீதம் என்று அர்த்தம்.

இன்னொன்று. விற்றுமுதலில் குறிப்பிட்ட சதவீதத்தை லாபமாகக் காட்டும், 1961 சட்டத்தின் 44ஏடி வசதியைப் படகுக்காரர் எடுத்துக்கொள்ளலாம். கமிஷன் வருமானம் வாங்கும் ஏலத் தரகர் எடுக்க முடியாது. வீட்டில் இரண்டு தொழிலும் இருந்தால் இரண்டு நோட்டு.

அண்ணன் துபாயில் இருக்கிறான். அங்கே வேலைக்கு ஏ.சி.சி.ஏ. போதும், சி.ஏ. வேண்டாம் என்கிறான். எது நல்லது?
– வாசகர், கீழக்கரை

அண்ணன் சொல்வதில் பாதி உண்மை. ஏ.சி.சி.ஏ. லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமைப்பின் படிப்பு. தாள்கள் 13, தாளுக்கு 50 மார்க் போதும், மொத்தக் கூட்டல் வேலி கிடையாது. வாய்த்தபோது ஒவ்வொரு தாளாக எழுதலாம். படித்த பட்டத்தைப் பொறுத்து சில தாள்களுக்கு விலக்கும் கிடைக்கும். 36 மாத அனுபவம் வேண்டும், அதை வேலையிலிருந்தே காட்டலாம். கட்டணம் எல்லாம் பவுண்டில். விலக்கு வாங்கிய தாளுக்கும் பணம் கட்ட வேண்டும் என்பதைப் பலர் கடைசியில்தான் கவனிக்கிறார்கள்.

சி.ஏ. கடினம், நீளம். ஆனால் இந்தியாவில் கம்பெனி ஆடிட்டில் கையெழுத்திடும் உரிமை சி.ஏ.வுக்கு மட்டும். நாளை ஊருக்குத் திரும்பிவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் ஏ.சி.சி.ஏ. இங்கே அந்த அளவுக்குக் கைகொடுக்காது. துபாயில் இந்திய சி.ஏ.க்கும் நல்ல மதிப்பு உண்டு.

எதைப் படித்தாலும் அந்த நாட்டு வரியைத் தனியாகக் கற்றுக்கொள்ளுங்கள். அமீரகத்தில் 2018 ஜனவரியில் 5 சதவீத வாட் வந்தது. 2023 ஜூன் 1 அல்லது அதற்குப் பிறகு தொடங்கும் நிதியாண்டுகளுக்கு 3,75,000 திர்ஹாமுக்கு மேற்பட்ட லாபத்துக்கு 9 சதவீத கார்ப்பரேட் வரி. முன்பு கணக்கே எழுதாமல் ஓடிய கடைகளுக்கும் இப்போது கணக்காளர் வேண்டும். அண்ணனிடம் சம்பளத்தைக் கேட்பதற்கு முன் இந்த வேலை அவர் கம்பெனியில் யார் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள்.

பி.காம். முடித்து டேலி படித்தேன். திருமணமாகி இங்கேயே இருக்கிறேன். சி.ஏ. படிக்கும் சூழ்நிலை இல்லை. கணக்கு வேலையில் முன்னேற வழி உண்டா?
– வாசகி, தங்கச்சிமடம்

உண்டு. ஆனால் ‘டேலி தெரியும்’ என்பது இன்று யாரும் சொல்வது. பில்லை உள்ளே அடிப்பவருக்கும், அடித்தது சரியா என்று பார்ப்பவருக்கும் சம்பளத்தில் தூரம் அதிகம். இரண்டு வேலையைக் கைவசப்படுத்துங்கள். ஒன்று பேங்க் ரீகன்சிலியேஷன், அதாவது நம் கணக்கை வங்கிக் கணக்கோடு ஒத்துப்பார்ப்பது. இன்னொன்று ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி வரும் ஜி.எஸ்.டி.ஆர்-2பி-யை (சப்ளையர்கள் தங்கள் ரிட்டர்னில் காட்டிய பில்களின் பட்டியல்) கொள்முதல் புத்தகத்தோடு ஒப்பிடுவது. கடைக்காரர் பில் கொடுத்திருப்பார், அவர் ரிட்டர்னில் காட்டியிருக்க மாட்டார். அந்த வரியை நீங்கள் கழித்துக்கொள்ள முடியாது. அப்படிப்பட்ட பில்களைத் தனியே பட்டியலிட்டு, பில் எண், தேதி, வரித்தொகையோடு சப்ளையருக்கு அனுப்பத் தெரிந்தவரை முதலாளி விடமாட்டார்.

சுவரில் தேதிகளை எழுதி ஒட்டுங்கள்: டி.டி.எஸ். (பிடித்த வரியைக் கட்டுவது) 7, ஜி.எஸ்.டி.ஆர்-1 (விற்பனை விவரம்) 11, பி.எஃப்.பும் இ.எஸ்.ஐ.யும் 15, ஜி.எஸ்.டி.ஆர்-3பி (வரி கட்டும் ரிட்டர்ன்) 20. காலாண்டு முறையில் இருக்கும் சிறு வியாபாரிக்கு, காலாண்டு முடிந்த அடுத்த மாதம், ஜி.எஸ்.டி.ஆர்-1 13; 3பி தமிழ்நாட்டில் 22. இப்படிப்பட்ட வாடிக்கையாளர் நான்கைந்து பேர் கிடைத்தால் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

உங்கள் பக்கம் கருவாட்டு வியாபாரம் இருக்கிறது. அதில் ஒரு நுணுக்கம்: குவியலாக எடை போட்டு விற்கும் கருவாட்டுக்கு வரி இல்லை. அதையே பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டினால் 2022 ஜூலை 18 முதல் 5 சதவீதம். வரியில்லாத சரக்கு மட்டும் விற்பவருக்கு ஜி.எஸ்.டி. பதிவே தேவையில்லை. லேபிள் பாக்கெட்டில் இறங்குகிறவருக்கு, உள்மாநிலத்தில் மட்டும் விற்றால், மொத்த விற்பனை 40 லட்சம் தாண்டும்போது பதிவு. அந்த 40 லட்சத்தில் வரியில்லாத குவியல் விற்பனையும் சேரும். இதைத் தெரியாமல் பாக்கெட் விற்பனையை மட்டும் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் கருவாட்டு விற்பனைக் குழுக்கள் உண்டு. உங்கள் முதல் வாடிக்கையாளர் அவர்களில் ஒருவராக இருக்கலாம். போய் இந்த ஆண்டு விற்பனை நோட்டை வாங்கிக் கூட்டிக் கொடுங்கள்.